பாட்டு வீடியோவைச் சத்தமில்லாமல் பார்ப்பது

யூடியூபில் இதுவரை நீங்கள் கேட்டிராத ஒரு மியூசிக் வீடியோவைத் திறந்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு இருபது நொடி பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், அது ராக்கா, ராப்பா, கொரியன் பாப்பா, காதல் தோல்விப் பாட்டா? முக்கால்வாசி நேரம் சரியாகவே சொல்லிவிடுவீர்கள். ஒரு நோட்டுகூடக் காதில் விழவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. கண் எதைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தது என்று திரும்பிப் போய்த் தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

நம் ஊர்ச் சுவரொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தாலே கண்ணீர் அஞ்சலி எது, மஞ்சள் நீராட்டு விழா எது, கட்சிக் கூட்டம் எது என்று தெரிந்துவிடும். அஞ்சலி என்றால் நடுவில் இறந்தவரின் படம், மேலே கண்ணீர் வழியும் இரண்டு கண்கள், கறுப்புச் சட்டம். கட்சி பேனர் என்றால் தலைவர் ஆளுயரத்துக்கு, வட்டச் செயலாளர்கள் தபால்தலை அளவுக்கு. இதையெல்லாம் யாரும் சட்டம் போட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் நாளைக்கு ஒருவர் கண்ணீர் அஞ்சலியை ரோஸ் நிறத்தில், பூப்போட்டு அச்சடித்து ஒட்டினால் தெருவே நின்று பார்க்கும். இப்படி எழுதப்படாமல் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் வழக்கத்துக்குத்தான் வகைமை மரபு என்று பெயர். வகைமை என்றால் ராக், ராப் என்பதுபோல ஒரு வகை. மியூசிக் வீடியோவிலும் அதே கதைதான்.

கூடவே இன்னொரு சொல்லும் வேண்டும்: காட்சி நடை. இந்த ஒரு வீடியோ எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் நடை. என்ன வெளிச்சம், என்ன நிறம், எந்த லென்ஸ், எவ்வளவு வேகமான வெட்டு (ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது), என்ன உடை, எந்த இடம் என்பதெல்லாம் அதில் அடங்கும். இந்த மாதிரிப் பாட்டுக்கு வீடியோ இப்படித்தான் இருக்கும் என்று நாம் முன்கூட்டியே எதிர்பார்ப்பது மரபு. நடைக்கும் மரபுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்த இடத்தில் இடைவெளி, ஏன் என்று கேட்பதுதான் அலசல். மற்றதெல்லாம் பயிற்சி.

தமிழில் சினிமாப் பாட்டு பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. நம் பாட்டுக் காட்சியில் வாயசைப்பவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். அது நமக்கு உறுத்துவதே இல்லை. காட்சி கதைக்குச் சொந்தம், பாத்திரத்துக்குச் சொந்தம். மியூசிக் வீடியோவில் விற்கப்படுவது பாடகரே. அந்தக் குரல் இந்த முகத்திலிருந்துதான் வருகிறது என்று நம்மை நம்பவைப்பது அதன் முதல் கடமை. அதனால்தான் நெருக்கமான முகக் காட்சிகள் அவ்வளவு. பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் நடுவில் பாடகர் கேமராவை நேராகப் பார்ப்பதும் அதனால்தான். சினிமாவில் நாயகன் கேமராவைப் பார்த்தால் கதை உடைந்துவிடும். இங்கே பார்க்காவிட்டால்தான் ஏதோ குறைகிறது.

இந்தக் கடமை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்குப் படம் எடுப்பது பழைய பழக்கம்தான். 1975-ல் குவீன் என்ற ராக் குழு 'பொஹீமியன் ராப்சடி' என்ற தன் நீளமான பாட்டுக்கு எடுத்த வீடியோ, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் குழு நேரில் வராமலேயே பாட்டை ஓட்ட உதவியது. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியதும் கணக்கே மாறியது. இருபத்து நான்கு மணி நேரமும் பாட்டு வீடியோ காட்டும் சேனலுக்குத் தீனி வேண்டும். அந்தத் தீனியை இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் செலவில் எடுத்துக் கொடுத்தன. அதாவது மியூசிக் வீடியோ பிறப்பிலேயே ஒரு விளம்பரம். அது கலையாகவும் ஆகியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அலசும்போது, இதற்குக் காசு கொடுத்தவர் திரையில் எதைப் பார்க்க விரும்பியிருப்பார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது எப்போதும் நல்லது.

மியூசிக் வீடியோக்களை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். குழு வாசித்துப் பாடுவதையே காட்டுவது ஒன்று, கதை சொல்வது ஒன்று, வாசிப்பும் கதையும் இல்லாமல் ஒரே ஒரு யோசனையை வைத்துக்கொண்டு ஓட்டுவது இன்னொன்று. பாதி வீடியோக்கள் இவற்றின் கலவை என்பதால் இந்தப் பிரிவினையை நான் பெரிதாக நம்புவதில்லை. பெயர் தெரிந்திருந்தால் போதும்.

சரி, உதாரணங்களுக்குப் போவோம். எளிமையானதிலிருந்து தொடங்கலாம். 1990-ல் வெளிவந்த, பாடகி ஷினேட் ஓ'கானரின் புகழ்பெற்ற பாட்டு 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ', எழுதியவர் பாடகர் பிரின்ஸ். வீடியோ இயக்கம் ஜான் மேபரி. பாரிஸ் அருகே ஒரு பூங்காவில் கறுப்புக் கோட்டுடன் அவர் நடக்கும் காட்சிகள் கொஞ்சம் வருகின்றன. மற்றபடி பெரும்பகுதி அவர் முகம் மட்டுமே. மொட்டையடித்த தலை, கழுத்து மூடிய கறுப்பு உடை, பின்னாலும் இருட்டு. முகம் அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும். கடைசிப் பகுதியில் அம்மாவைக் குறிப்பிடும் ஒரு வரி வருகிறது. அங்கே அவர் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. சில ஆண்டுகள் முன்பு இறந்துபோன தன் தாயை நினைத்து வந்த கண்ணீர் அது என்று அவரே பின்னாளில் சொன்னார்.

சோகக் காதல் பாட்டுக்கான மரபு என்ன? மழை பெய்யும் ஜன்னல், பிரிந்தவரின் பழைய படம், கடற்கரையில் கைகோத்து நடந்த நினைவுகள், மெதுவாக ஓடும் காட்சி. இந்த வீடியோ அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, வகைமையிலிருந்து நெருக்கமான முகம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த ஒன்றை நிமிடக்கணக்கில் இழுத்தது. முகம் மூன்று நொடி வந்தால் விளம்பரம். மூன்று நிமிடம் வந்தால் பார்க்கிறவருக்குச் சங்கடமாகிவிடுகிறது, ஒருவர் வீட்டு வாசலில் நின்று அழுவதைப் பார்க்க நேர்ந்ததைப் போல. மரபை மீற எப்போதும் புதிதாக எதையாவது சேர்க்க வேண்டும் என்றில்லை. இருப்பதில் ஒன்றை அளவுக்கு மீறிச் செய்தாலும் மீறல்தான்.

அடுத்தது ராக். இங்கே மரபுப் பட்டியல் நீளமானது: மேடை, புகை, பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம், கீழிருந்து மேலே பார்க்கும் கேமரா, முடியை ஆட்டும் கிதார்காரர், கைகளைத் தூக்கிக் கத்தும் கூட்டம். குழு கடவுள், கூட்டம் பக்தர்கள். 1991-ல் சாமுவேல் பேயர் இயக்கிய, நிர்வாணா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வீடியோ இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றை வைத்துக்கொள்கிறது. ஆனால் இடத்தை மாற்றுகிறது. ஒரு அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடம். அந்த நாட்டுப் பள்ளிகளில் போட்டிக்கு முன் மாணவர்களைக் கூட்டி, உற்சாகப் பெண்கள் ஆடிப் பாடி, நம் பள்ளி வாழ்க என்று கத்தவைப்பார்கள். அந்தக் கூட்டம்தான் இது. எல்லாம் பழுப்பும் மஞ்சளுமாக, கழுவாத கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருக்கிறது. உற்சாகப் பெண்களின் மார்பில் பள்ளிச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் அராஜகவாதிகளின் சின்னமான, வட்டத்துக்குள் இட்ட A எழுத்து. தரை துடைக்கும் ஊழியர் துடைப்பத்தோடு ஆடுகிறார். படிக்கட்டுகளில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் ஆரம்பத்தில் உற்சாகமே இல்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். கடைசியில் இறங்கி வந்து எல்லாவற்றையும் கலைக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ராக் வீடியோவின் பக்தர் கூட்டத்தை இது பள்ளிக்கூடத்தின் கட்டாயக் கூட்டமாக மாற்றிவிட்டது என்பது. வெறும் இடமாற்றம்தான். ஆனால் ரசிகர்களின் ஆரவாரம் என்பதே யாரோ நம்மைச் செய்யச் சொன்ன காரியமோ என்ற கேள்வி உள்ளே வந்துவிடுகிறது. இன்னொன்று. வீடியோவின் பெரும்பகுதியில் பாடகர் கர்ட் கோபேனின் முகம் முடிக்குப் பின்னால் பாதி மறைந்தே இருக்கிறது. முடியும் தறுவாயில்தான் முழுமுகம் கேமராவுக்கு மிக அருகில் வருகிறது. இறுதித் தொகுப்பில் கோபேனே உட்கார்ந்து அந்தக் காட்சியைச் சேர்த்தார். முகத்தைக் காட்டியாக வேண்டும் என்ற விளம்பர மரபு கடைசி வரை தள்ளிப்போடப்பட்டு, பாடகர் தானே தீர்மானித்த நேரத்தில் தரப்படுகிறது. முகம் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் இது கைநழுவிப் போகும். எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஹிப் ஹாப், அதாவது ராப் பாட்டு வீடியோக்களைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். எம்டிவி 1988-ல்தான் ராப் பாட்டுக்கென்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. அந்தக் காலத்து வீடியோக்களில் பெரும்பாலும் தெருவும் நண்பர் கூட்டமும்தான். நான் இந்தத் தெருக்காரன், இவர்கள் என் ஆட்கள் என்ற அறிமுகம். 90-களின் பின்பாதியில் காசு புரள ஆரம்பித்ததும் தெரு போய், பளபளக்கும் செட்டுகளும் மின்னும் உடைகளும் கார்களும் நகைகளும் வந்தன. அந்த மாற்றத்தின் முக்கியக் கை ஹைப் வில்லியம்ஸ் என்ற இயக்குநருடையது. மீன்கண் லென்ஸ் அவர் அடையாளம். அந்த லென்ஸ் அருகில் இருப்பதைப் பெரிதாகப் புடைக்கச் செய்யும், ஓரங்களை வளைத்துவிடும். ராப் பாடுகிறவர் கையை நீட்டினால் கை தலையை விடப் பெரிதாகி நம் மூக்கை இடிக்க வரும். நெஞ்சை நிமிர்த்தித் தன்னைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் இசைக்கு, ஆளைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி. இதைவிடப் பொருத்தமான லென்ஸ் கிடைக்காது.

1997-ல் ராப் பாடகி மிஸ்ஸி எலியட்டின் முதல் தனிப் பாட்டான 'தி ரெயின்'-க்கு ஹைப் வில்லியம்ஸ் எடுத்த வீடியோவில் அதே லென்ஸ், அதே பளபளப்பு. ஆனால் மிஸ்ஸி போட்டிருப்பது காற்றடித்து உப்பவைத்த, கன்னங்கரேலென்று மின்னும் ஒரு உடை. குப்பைப் பை ஒன்று உருண்டு திரண்டு ஆடுவதுபோல் இருக்கும். டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தில் போய் அதை ஊதினார்கள் என்று பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு வீடியோவைச் சிரிக்காமல் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் இது வெறும் வேடிக்கை இல்லை. அந்தக் காலத்து ராப் வீடியோக்களில் பெண் உடல் என்றால் நீச்சலுடையில் பின்னணியில் நிற்கும் அலங்காரம். மிஸ்ஸி அந்த உடலை யாருக்கும் காட்டாமல் ஒளித்துவிட்டு, அதே சமயம் ஃபிரேம் முழுவதையும் தானே அடைத்துக்கொள்கிறார். பெரிதாகத் தெரிவதுதான் இந்த வகைமையின் பெருமை என்றால் இதோ, உங்கள் எல்லோரையும்விடப் பெரிதாகிறேன் பார் என்பதுபோல. மரபை உள்ளிருந்தே மடக்குவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இதுவரை படத்தைப் பற்றியே பேசினேன். வெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காதையும் கூப்பிட வேண்டும். ஒரு சின்னக் கணக்கு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தாள அடி என்று வைத்துக்கொள்வோம். நிறைய நடனப் பாட்டுகள் இதைச் சுற்றித்தான் இருக்கும். அப்படியானால் ஒரு அடி அரை நொடி, நான்கு அடி கொண்ட ஒரு சுற்று இரண்டு நொடி. இப்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வீடியோவைப் பாருங்கள். காட்சி மாறுவது ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலா? ஒவ்வொரு அடியிலுமா? அடிக்குக் கொஞ்சம் முன்பா, பின்பா? பல்லவியில் வெட்டு வேகமாகிறதா? தாளத்தில் சரியாக வெட்டினால் உடம்பு தானாக ஆடும். ஆனால் எல்லா வெட்டும் தாளத்தில் விழுந்தால் இரண்டாவது நிமிடத்தில் சலித்துவிடும் என்பதும் தொகுப்பாளர்களுக்குத் தெரியும். எங்கே வேண்டுமென்றே தாளத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று தேடுவது, கர்நாடகக் கச்சேரியில் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், எங்கே என்று தேடுவதைப் போல நல்ல பொழுதுபோக்கு.

தாளத்துக்கும் படத்துக்குமான உறவை வெட்டுகளை நம்பாமலேயே காட்டிய வீடியோ ஒன்று உண்டு. அதுவும் 1997-தான். பிரெஞ்சு மின்னிசைக் குழு டாஃப்ட் பங்கின் 'அரவுண்ட் தி வேர்ல்ட்' பாட்டுக்காக மிஷெல் கோண்ட்ரி இயக்கியது, நடன அமைப்பு பிளாங்கா லீ. பாட்டில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும். முதன்முதலில் பார்த்தபோது, இசைத்தட்டு மாதிரி ஒரு வட்ட மேடையில் விதவிதமாக வேடமிட்டவர்கள் சுற்றுகிறார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு கூட்டமும் ஒரு வாத்தியம். விளையாட்டு வீரர்கள் படிகளில் ஏறி இறங்குகிறார்கள், பேஸ் கிதார் சுரம் ஏறி இறங்குவதுபோலவே. எலும்புக்கூடுகள் கிதார். மம்மிகள் தாள இயந்திரம். பளபளப்பான நீச்சலுடைப் பெண்கள் உச்ச ஸ்தாயிக் கீபோர்டு. சுற்றி நடக்கும் ரோபோக்கள் அந்த இயந்திரக் குரல். ஒரு வாத்தியம் நின்றால் அந்தக் கூட்டமும் ஆட்டத்தை விடுகிறது. பாட்டை இரண்டாம் முறை கேட்கும்போது, முன்பு கேட்காத பேஸ் வரி காதில் தனியாகக் கேட்கும், ஏனென்றால் இப்போது அதற்கு ஒரு உருவம் கிடைத்துவிட்டது. பாடகரின் முகமே இல்லாத மின்னிசை வகைமைக்கு, முகத்துக்குப் பதிலாக எதைக் காட்டுவது என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

பாட்டு வரிகளுக்கும் படத்துக்கும் உள்ள உறவை ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் 1992-ல் மூன்றாகச் சொன்னார். சொல்வதை அப்படியே காட்டுவது, சொல்வதற்கு மேல் ஏதாவது சேர்ப்பது, சொல்வதற்குச் சம்பந்தமில்லாமலோ எதிராகவோ காட்டுவது. மழை என்று பாடும்போது மழை பெய்தால் முதல் வகை. நம் கல்யாண வீடியோக்காரர்கள் இந்த முதல் வகையில் மன்னர்கள். நிலா என்று பாட்டில் வந்தால் மணப்பெண் முகம் நிலாவுக்குள் போய் உட்காராமல் இருக்காது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் பேச்சுக்கு இடம் தரும்.

புதிதாக எழுத வருகிறவர்கள் விழும் குழி ஒன்று: நீலம் என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் அல்லது காதல் என்று அகராதி வைத்துக்கொள்வது. நிறத்துக்குத் தனியாகப் பொருள் கிடையாது. பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது, இதற்கு முந்தைய காட்சி என்ன நிறத்தில் இருந்தது, இந்த வகைமையில் வழக்கமாக என்ன நிறம் என்பதைப் பொறுத்துத்தான் அது பேசும். நிர்வாணா வீடியோவின் பழுப்பு நிறம் சோகம் என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. 80-களின் கடைசியில் ராக் வீடியோக்கள் எவ்வளவு பளிச்சென்று, தலைமுடி முதல் காலணி வரை மினுக்கிக்கொண்டு இருந்தன என்று தெரிந்தால்தான் அந்த அழுக்கு வெளிச்சம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது புரியும். இன்னொரு குழி, மரபு என்றாலே சோம்பேறித்தனம் என்று நினைப்பது. தன் தெருவைக் காட்டாத ஹிப் ஹாப் வீடியோ அதன் ரசிகருக்குப் பொய்யாகத் தெரியலாம். மரபு ஒரு வாக்குறுதி மாதிரி. அதைக் காப்பாற்றுவதிலும் ஒரு நேர்மை உண்டு.

இதை நம் பக்கம் கொண்டுவந்து பார்க்கலாம். சினிமாவுக்கு வெளியே முகம் காட்டும் பாட்டு நம்மிடம் வெகுகாலம் அரிதாகத்தான் இருந்தது. 1997-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் வந்தே மாதரம் ஆல்பம் வந்தபோது, பாரத்பாலா எடுத்த வீடியோவில் ரஹ்மானே திரையில் நின்று பாடியது அப்போது ஒரு அதிசயம். 2011 நவம்பரில் கொலவெறிப் பாட்டு இணையத்தில் பரவியபோது நாம் பார்த்தது அது இடம்பெற்ற சினிமாவின் காட்சியைக்கூட அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் மைக் முன்னால் நிற்பதை. ஹெட்போன், பாட்டுத்தாள், பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் நண்பர்கள். திட்டமிட்டு எடுத்ததாகத் தெரியாத அந்த எளிமையே ஒரு நடை. அதன் பிறகு அது மாதிரி எத்தனை ஸ்டுடியோ வீடியோக்கள் வந்தன என்று பார்த்தாலே, ஒரு மரபு எப்படிப் பிறக்கிறது என்று புரியும்.

2021 மார்ச்சில் வந்த என்ஜாய் என்ஜாமிதான் இந்தப் பயிற்சிக்கு எனக்குப் பிடித்த தமிழ் உதாரணம். பாடகி தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், அமித் கிருஷ்ணன் இயக்கத்தில் வந்தது. அறிவு ராப் பாடகர். ராப் வீடியோவின் பழைய வாக்குறுதியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்: இது என் இடம், இவர்கள் என் ஆட்கள். அந்த வாக்குறுதி இங்கே அப்படியே காப்பாற்றப்படுகிறது. இடம், நிலம். ஆட்கள், வயதானவர்களும் ஊர்க்காரர்களும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்த அறிவின் சொந்தப் பாட்டியே திரையில் இருக்கிறார். அமெரிக்க ராப்பர் தன் பின்னால் நண்பர் கூட்டத்தை நிறுத்தும் இடத்தில் இவர் பாட்டியை நிறுத்துகிறார். கார் இல்லை, தங்கச் சங்கிலி இல்லை, ஆனால் பெருமை குறையவில்லை. இதைக் கிராமியப் பாட்டு வீடியோ என்று மட்டும் பார்த்தால் நிறமும் ஆட்டமும் தெரியும். ராப் வீடியோ என்று பார்த்தால்தான், சொத்தைக் காட்டும் இடத்தில் முன்னோரைக் காட்டியிருப்பது தெரியும். எந்த வகைமையின் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே வீடியோ இரண்டு விஷயம் சொல்கிறது.

நீங்களே செய்து பார்க்க நான் கடைப்பிடிக்கும் முறை இது. முதலில் சத்தமில்லாமல் ஒருமுறை, கையில் பேனாவோடு. கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். பொருள் சொல்ல வேண்டாம். "அவள் தனிமையில் வாடுகிறாள்" என்று எழுதாதீர்கள், "பெண், காலி அறை, ஜன்னல் இடதுபுறம், கேமரா அசையவில்லை" என்று எழுதுங்கள். அடுத்து திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். எங்கே வேகம் மாறுகிறது, எங்கே வாத்தியங்கள் ஓய்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு குறிப்புகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு பலர் தவிர்த்துவிடும் ஒரு வேலை இருக்கிறது. அதே வகைமையில், அதே ஆண்டையொட்டி வந்த வேறு நான்கைந்து வீடியோக்களையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு மரபு என்ன என்று சொல்லவே முடியாது. ஒரே ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை மட்டும் பார்த்தவருக்கு அதன் கறுப்புச் சட்டம் வழக்கமா, அந்தக் குடும்பத்தின் விருப்பமா என்று எப்படித் தெரியும்? ஐந்திலும் இருப்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட வீடியோவில் மட்டும் இருப்பதையும், மற்ற நான்கிலும் இருந்து இதில் இல்லாமல் போனதையும் எதிர்ப்பக்கம் எழுதுங்கள். இல்லாமல் போனது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதைத் தேடத்தான் அதிக நேரம் பிடிக்கும். கட்டுரையை அந்த எதிர்ப்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.